கார்னூபா மெழுகும் உன் மாமனார் இட்ட பட்டையும்

அன்புள்ள அருணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. நீ கேட்டது சின்னக் கேள்விதான். "பைபாஸ் கடைக்காரர் காருக்குச் சீலண்ட் போட்டுடலாம்னு சொல்றாரும்மா. நீ கார்னூபா மெழுகுதான்னு ஒத்தக்கால்ல நிக்கற. பவித்ரா வளைகாப்புக்குள்ள முடிக்கணும். எதைப் போட?" என்றாய். வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருப்பேன். அன்று வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். போனில் பேசினால் நடுவில் உன் பேச்சைத் திருத்த ஆரம்பித்து, சொல்ல வந்ததை விட்டுவிடுவேன் என்று எனக்கே தெரியும். இதைத் தனியாக உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. படித்த பிறகு பவித்ராவிடம் கொடு. அவளுக்குத் தெரியாமல் எடுத்து வைக்காதே.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். கார்னூபா என்பது ஒருவகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு. டப்பாவில் நமக்கு வருவது அதோடு எண்ணெய்களும் கலந்தது. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறத்தில் அதைப் பூசி, கொஞ்சம் காயவிட்டுத் துடைத்தால் நிறம் ஈரமாக இருப்பதுபோல் தெரியும். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் ஓர் ஆழம் வரும். உன் அப்பாவின் பழைய கறுப்புக் காருக்கு அதைத் தவிர வேறு எதையும் நான் தொடவிட்டதில்லை. "டீச்சர், இதுல முகம் பாத்துப் பொட்டு வச்சுக்கலாம் போல இருக்கே" என்று அவர் கேலி செய்வார். ஆனால் அது வெயில் தாங்காது. உன் ஆபீஸ் வாசலில், திண்டிவனம் வெயிலில், பகல் முழுக்க நிற்கிற வண்டியில் அது இளகிவிடும். ரோட்டுப் புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஷாம்பு போட்டுச் சில தடவை கழுவினால் போயே போய்விடும். சீலண்ட் தொழிற்சாலையில் செய்யப்படும் செயற்கைப் பூச்சு. அதைப் போடும் முன் பழைய மெழுகைத் துளிகூட இல்லாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. போட்ட பிறகு சில மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும், வெயிலுக்கும் அசையாது. அதன் பளபளப்பு கண்ணாடியின் பளபளப்பு. ஆழம் கொஞ்சம் குறைவு, தெளிவு அதிகம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. மெழுகில் உள்ள எண்ணெய் மெல்லிய கீறல்களுக்குள் போய் உட்கார்ந்து அவற்றை மறைத்துவிடும். சில வாரங்களுக்கு யார் கண்ணுக்கும் தெரியாது. சீலண்ட் அநேகமாக அப்படி மறைக்காது. அடியில் கீறல் இருந்தால் அதன் மேல் கண்ணாடி போட்டுக் காட்டும். ஆகவே முதலில் பாலிஷ் போட்டுக் கீறலை எடுத்தாக வேண்டும். உன் பானெட்டில் இருக்கிற கீறல்களுக்கு, "இன்னொரு கை மெழுகு பூசு, தெரியாது" என்று நான் சொன்னேனே, அது வண்டியின் நன்மைக்காகச் சொன்னது இல்லை. பாலிஷ் போடுகிறவர் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அவை எதனால் வந்தவை என்று சொல்லிவிடுவார். அந்தப் பயத்தில் சொன்னேன்.

அருண், அந்தக் கீறல்கள் உன் மாமனாரால் வரவில்லை. என்னால் வந்தவை.

திருவாமாத்தூர்க் கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போட்ட அன்று என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். நீயும் பவித்ராவும் குருக்களோடு அர்ச்சனைக்கு உள்ளே போயிருந்தீர்கள். வெளியே வண்டியைச் சுற்றி உன் மாமனார் வீட்டு ஜனம் ஒரு வேன் நிறைய நின்றது. நான் வழக்கம்போல ஒதுங்கி, மதிலோரம் நிழலில் நின்றேன். உன் அப்பா போன பிறகு இப்படிப்பட்ட காரியங்களில் யாரும் என்னை முன்னால் வா என்று கூப்பிட்டதில்லை. நானும், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, கான்வென்டில் படித்தவள் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். அன்று உன் மாமனார் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "சம்மந்திம்மா, வாங்க. மொத பழம் நீங்க வையுங்க" என்றார். யாரோ ஒரு பெரியம்மா, "அவங்க எப்பிடிங்க..." என்று இழுத்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏன், அவங்க பெத்த புள்ள வண்டிதான? பேஜாரு பண்ணாம தள்ளிக்கோ" என்றார். நான் போய் முன் சக்கரத்தின் அடியில் பழத்தை வைத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் எனக்குச் சேர வேண்டியது கொஞ்சம் தாமதமாக வந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் தன் ஜனத்தின் முன்னால் எனக்காக ஒரு வழக்கத்தை மீறி நின்றார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அவர் விபூதியைத் தண்ணீரில் குழைத்து, பானெட்டின் நடுவில் மூன்று விரலால் நீளமாகப் பட்டை இட்டார். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். முந்தின நாள் முழுக்க நான் குனிந்து குனிந்து மெழுகு பூசிய பானெட் அது. இடுப்பு வலி அப்போதும் தீரவில்லை. வெயிலில் அந்தப் பட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து வெளுத்தது. என் வேலையின் மேல் யாரோ சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. பையிலிருந்து துடைக்கும் துணியை எடுத்தேன். "என்னங்க இது? மாட்டு நெத்தின்னு நெனச்சீங்களா? இது பெயிண்ட்!" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. எல்லோருக்கும் கேட்டது. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆமாங்க சம்மந்திம்மா, கைப்பழக்கம்" என்று விரல்களை வேட்டியின் பின்பக்கம் துடைத்துக்கொண்டார்.

நான் துடைத்தேன். காய்ந்த விபூதியை, தண்ணீர் ஊற்றாமல், வெறும் துணியால். அதைத் துடைக்கவே கூடாது. தண்ணீரை ஊற்றிக் கரையவிட வேண்டும். இது எனக்குத் தெரியாதது இல்லை. அடர்ந்த நிறத்தில் தூசியை உலர்ந்த துணியால் துடைக்காதே என்று உனக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். முதல் சுற்றிலேயே துணிக்கு அடியில் நறநறவென்று ஏதோ உரசுவதைக் கையில் உணர்ந்தேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினால் நான் தப்பு என்று ஆகிவிடும். அதனால் இன்னும் அழுத்தித் துடைத்தேன். ஒரு பெரியவர் கையால் இட்ட விபூதியை அப்படி அழித்தது எப்படிப்பட்ட காரியம் என்பதை நினைக்கக்கூட இல்லை. நீங்கள் பிரசாதத்தோடு வெளியே வரும்போது பானெட் சுத்தமாக இருந்தது. "அம்மா துடைச்சிட்டாங்களாம்" என்று யாரோ சொன்னார்கள். நீ சிரித்தாய். பவித்ரா சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நீ இங்கே வந்து நம் வீட்டு வாசலில் வண்டியைக் கழுவும்போது, சாய்ந்த வெயிலில் கீறல்களைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இப்படிப் பண்ணது?" என்று கேட்டாய். நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "உன் மாமனார் நவரத்தின மோதிரம் போட்டிருந்தாரே, கவனிச்சியா?" என்றேன். அவ்வளவுதான். அவர் மோதிரம் போட்டிருந்தார் என்பது உண்மை. மீதியை நீயே சேர்த்துக்கொண்டாய், நீ சேர்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று அன்று இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பட்டை நேராகப் போகும். கீறல்கள் வட்டம் வட்டமாக இருக்கின்றன. துணி பிடித்த கை போன வழி அது.

நீ அவரிடம் போய், "மோதிரத்தைக் கழட்டிட்டுப் பூசக் கூடாதா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். "ஆமா மாப்ள, தோணாமப் போச்சி. தப்புதான். பெயிண்ட் அடிச்சிக் குடுத்துடறேன்" என்று அவர் சொன்னாராம். இதை நீ என்னிடம் வந்து சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? "போகட்டும் விடு, அவரை ஒண்ணும் சொல்லாதே" என்றேன், பெருந்தன்மையாக. செய்த தப்பைவிட, அன்று காட்டிய அந்தப் பெருந்தன்மைதான் என்னை இப்போது அதிகம் கூசவைக்கிறது.

போன மாதம் வளைகாப்புக்கு நாள் பார்க்க அவர் விழுப்புரத்துக்கு நம் வீட்டுக்கு வந்தாரே, அன்று நான் ஜன்னலோரம் இருந்தேன். நீ வண்டியிலேயே கூட்டி வருகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், தோளில் ஒரு பை மல்லாட்டைக் கடலையோடு பஸ்ஸில் வந்தார். உன் வண்டிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம்தான் இருந்தது. பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, சுவரில் முதுகு உரச நடந்து வந்தார். சட்டை முதுகெல்லாம் சுண்ணாம்பு. பவித்ரா தட்டிவிட்டாள். அவர் விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. "எங்கப்பா மோதிரம்?" என்று அவள் கேட்டதற்கு, "கழட்டிப் போட்டுட்டேன்மா. எங்க போனாலும் எதையாவது உரசுது" என்றார். பிறகு சாப்பிடும்போது உன்னிடம் சொன்னார்: "வளைகாப்பு முடிஞ்சி பொண்ண இட்டுக்கினு போவ நான் வேற வண்டி சொல்லிட்டேன் மாப்ள. எங்காளுங்க கொழந்தகுட்டியோட வருவாங்க. கை கால் பட்டுடும்." நீ "சரி மாமா" என்றாய். பவித்ரா எழுந்து உள்ளே போய்விட்டாள். ரசம் எடுத்து வரப் போனாள் என்று நீ நினைத்திருப்பாய். அவள் ரசம் கொண்டு வரவில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகிற பெண், புருஷன் வாங்கிய வண்டி வாசலில் நிற்கும்போது வாடகைக் காரில் ஏறிப் போகப் போகிறாள். அதற்குக் காரணம் தன் அப்பாவின் கை என்று அவள் நினைத்துக்கொண்டு போவாள். நீயும் அப்படித்தான் நினைப்பாய். எனக்குப் பேரனோ பேத்தியோ பிறக்கும் வீட்டில், அந்த மனிதர் தன் மருமகன் எதிரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். இது தெரிந்த பிறகும் நான் பல நாள் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று யோசித்தபோது உன் அப்பா நினைவுக்கு வந்தார். ஒருமுறை வளவனூர் பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர் மேல் காரின் பின்பக்கத்தை இடித்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "டீச்சர், நான்தான். பார்க்காம ரிவர்ஸ் எடுத்துட்டேன்" என்றார். நான் அவரோடு நாள்கணக்கில் பேசவில்லை. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அழைத்துப் போய் அந்த நசுங்கலைக் காட்டினேன். அதற்குப் பிறகு இன்னொரு நசுங்கல் வந்தது. "யாரோ பார்க்கிங்ல இடிச்சிட்டுப் போயிட்டான்" என்றார். யார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அன்று முதல் நம் வீட்டில் யாரும் எதையும் உடைக்கவில்லை. எல்லாம் தானாகவே உடைந்தது. கண்ணாடி டம்ளர் தானாக விழுந்தது, உன் மார்க் ஷீட்டில் மை தானாகக் கொட்டியது. பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுத்ததாகப் பள்ளியில் எனக்கு நல்ல பெயர். வீட்டில் உண்மை சொன்னவர்களைத்தான் நான் தண்டித்தேன். சொல்லாதவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒரு வீட்டை நானே கட்டிவிட்டு, அதில் நின்று "நான்தான்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. உனக்குப் பிறக்கப் போகிற குழந்தை ஒரு நாள் எதையாவது உடைத்துவிட்டு வந்து "நான்தான்ப்பா" என்று நிற்கும். அப்போது உன் முகம் எப்படி இருக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் அது மறுபடியும் உண்மை சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். என் முகத்தை வைத்துக்கொள்ளாதே. உன் அப்பாவின் முகம் உனக்கு இருக்கிறது.

சனிக்கிழமை நான் திண்டிவனம் வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, உன் வீட்டுக்கு வராமல், ஆட்டோ பிடித்து உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். வாசலில் தார்ப்பாய் விரித்து மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சம்மந்திம்மா! ஒரு போன் பண்ணியிருந்தா ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனே" என்று பதறி நாற்காலியை எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கீறல் என்னால் வந்தது, உங்கள் மோதிரத்தால் இல்லை, அது தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன், கோயிலில் நான் பேசியதும் தப்பு என்றேன். பஸ்ஸில் மனத்துக்குள் கோத்துக்கொண்டு போன வாக்கியங்கள் பாதியில் உடைந்துவிட்டன. அவருக்கு என்னைவிடக் கூச்சம். "அட, அது கெடக்குது உடுங்க. வெயில்ல வந்திருக்கீங்க. காபியா, மோரா?" என்றார்.

உள்ளேயிருந்து உன் மாமியார் ஈரக் கையோடு வந்து நின்றார்கள். எல்லாம் கேட்டிருக்கிறது. "இவரு உட்டுடுவாரு. நான் உடமாட்டேன்" என்றார்கள். "சும்மா இரு" என்றார் இவர். "நீ சும்மா இரு. மோதிரத்தக் கழட்டி அரிசி டப்பாவுல போட்டுட்டு வெறும் வெரலத் தடவிக்கினு கெடக்கற. டீச்சரம்மா, மாட்டு நெத்தின்னு சொன்னீங்களே, எங்க ஜனம் அத்தினி பேரு முன்னாடி. எங்க அண்ணி இன்னிக்கும் இவரப் பாத்தா 'வாங்க மாட்டுப் பூசாரி'ன்னுதான் கூப்புடறா. கல்யாணம் காட்சிக்குப் போவ முடியல." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மாப்ளகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றேன். "பவித்ராகிட்ட?" அவளிடமும் இல்லை என்றேன். "அப்ப எங்ககிட்ட மட்டும் வந்து சொல்லிட்டு, அங்க நல்லவங்களாவே இருந்துடலாம்னு பாக்கறீங்களா?"

உன் மாமியார் சொன்னது சரி. நான் அதற்காகத்தான் போயிருந்தேன். அந்த மனிதர் மன்னித்துவிடுவார், மன்னித்துவிட்டால் இது அங்கேயே முடிந்துவிடும் என்று எண்ணித்தான் உன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். நான் நினைத்த மாதிரியே, ஆட்டோ வரை கூடவே வந்து, மனைவிக்குக் கேட்காத குரலில் அவர் சொன்னார்: "மாப்ளகிட்ட சொல்லிக்காதீங்க. கோவத்துல உங்கள எதுனா சொல்லிடப்போவுது. நான் பண்ணதாவே இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் கொறஞ்சி போயிடல." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். விழுப்புரம் வந்து இறங்கும்வரை எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் நீ போன் செய்தாய். மெழுகு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் மறைந்திருக்கும். அதைச் சொல்லவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. பால் பொங்குகிறது என்றேன்.

ஆகவே மெழுகு வேண்டாம். இருக்கிற மெழுகை முழுக்க எடுக்கச் சொல். பாலிஷ் போட்டு, எடுக்க முடிந்த கீறலை எடுத்துவிட்டு, சீலண்ட் போடச் சொல். கடைக்காரர் இது எதனால் வந்தது என்று கேட்டால், காய்ந்த விபூதியை எங்கம்மா வெறும் துணியால் துடைத்தாள் என்று சொல். எவ்வளவு போட்டாலும் போகாத கீறல் ஒன்றிரண்டு இருக்கும். இருக்கட்டும்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். என்னை நீ என்ன கேட்டாலும் நான் உன் வாக்கியத்தைத் திருத்த மாட்டேன். ஆனால் அதற்கு முன் உன் மாமனாரிடம் போய், நீ அவரைக் கேட்ட கேள்விக்காக நீ வருத்தம் தெரிவி. அதை நான் உனக்காகச் செய்ய முடியாது. பவித்ராவிடம் நான் நேரில் பேசுகிறேன், அவளுக்கு இஷ்டம் இருந்தால். இல்லையென்றால் அவளை வற்புறுத்தாதே.

இன்னொன்று. வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அவரிடம் கெஞ்சாதே. உண்மை வெளியே வந்துவிட்டது என்பதற்காக, நம் வசதிக்கு அவர் உடனே மனம் மாற வேண்டியதில்லை. அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நம் வண்டியில் ஏறட்டும். வளைகாப்பு அன்று கோயிலில் நின்ற அதே ஜனம் நம் வீட்டுக்கு வரும். வாசலில் புது வண்டி நிற்க, பெண் ஏன் வாடகைக் காரில் போகிறாள் என்று கேட்பார்கள். நீ பதில் சொல்லாதே, பவித்ராவையும் சொல்லவிடாதே. அன்று நான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள மாட்டேன். வாசலில்தான் நிற்பேன். கேட்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா